ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிளும் டர்போசார்ஜரும்

எஞ்சினின் வலிமை அது குடிக்கும் பெட்ரோலில் இருக்கிறது என்பது பொதுவான எண்ணம். ஆனால் பெட்ரோலை வேண்டிய அளவு ஊற்றிவிடலாம். அதை எரிப்பதற்குரிய காற்றைச் சிலிண்டருக்குள் சேர்ப்பதுதான் கடினம். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட காற்று தேவைப்படுகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால், எஞ்சின் என்பது முதன்மையாகக் காற்றை இறைக்கும் ஓர் இயந்திரமே என்பது விளங்கும். சிலிண்டரின் அளவை மாற்றாமல் எஞ்சினின் சக்தியைப் பெருக்க வேண்டுமானால், அதே இடத்தில் அதிக எடையுள்ள காற்றைத் திணிக்க வேண்டும். இதைச் செய்யும் கருவிகளுள் ஒன்று டர்போசார்ஜர் ஆகும்.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் மோட்டார் பணிமனைகளுக்குச் செல்லும் களப்பணியாளர்களிடமும், தொழிற்கல்வி ஆசிரியர்களிடமும் இளைஞர்கள் இக்கருவியைப் பற்றி வினவுவது இயல்பே. லாரியிலும் காரிலும் சக்தியைக் கூட்டுகின்ற ஒரு கருவி, தம் மோட்டார் சைக்கிளிலும் அவ்வாறே செய்யாதா என்பது அவர்தம் கேள்வி. புத்தூருக்கு மேற்கே மலைகளுக்கு நடுவில் அமைந்த கார்வேட்டிநகரம் போன்ற ஊர்களில் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கான பொருளன்று. பால் பாத்திரமும், மாங்காய்க் கூடையும், குடும்பத்தினர் இருவரும் அதன்மேல் ஏறுகின்றனர். திருமலைப் பாதையிலும் அது ஏறுகிறது. ஆகவே கேள்வி நியாயமானது. அதற்கு ‘ஆகும்’ என்றோ ‘ஆகாது’ என்றோ ஒரே சொல்லில் விடை கூறிவிடாமல், காரணத்தோடு விளக்குவதற்கு வேண்டிய செய்திகளை இங்குத் தருகிறோம்.

கருவியின் அமைப்பு

எரிபொருளிலிருந்து கிடைக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியாக வீணே வெளியேறுகிறது. இந்தச் சூடான வாயு வேகமாகப் பாயும் வழியில் சிறிய டர்பைன் சக்கரம் ஒன்றைப் பொருத்தினால் அது சுழலும். அச்சக்கரத்தின் அச்சு மறுபுறம் நீண்டு, அங்கே மற்றொரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. இந்த இரண்டாவது சக்கரம் வெளிக்காற்றை நடுவில் இழுத்து, விளிம்பை நோக்கி எறிந்து, அழுத்தத்துடன் எஞ்சினுக்குள் அனுப்புகிறது. இதனை அழுத்துச் சக்கரம் எனலாம். இரு சக்கரங்களும் ஓர் அச்சும் சேர்ந்ததே டர்போசார்ஜர். மோட்டார் சைக்கிளுக்கு ஏற்ற சிறிய கருவியில் சக்கரத்தின் குறுக்களவு ஐந்து சென்டிமீட்டரைச் சுற்றியே இருக்கும். சுழற்சியோ நிமிடத்துக்கு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் தடவை வரை செல்லும். வகுப்பறையில் இதை விளக்க ஒரு மேசை விசிறியை ஓடவிட்டு, மின் இணைப்பில்லாத இன்னொரு விசிறியை அதற்கு எதிரே வைத்துக் காட்டினால் போதும். காற்று மட்டுமே இரண்டாவது விசிறியைச் சுழற்றுவதை மாணவர் கண்ணால் காண்பர்.

சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் ஆல்பிரட் பியூக்கி 1905ஆம் ஆண்டு இக்கருத்துக்குக் காப்புரிமை கோரினார். நடைமுறைக்கு வர இருபது ஆண்டுகள் பிடித்தன. 1920களில் ஜெர்மானியப் பயணிக் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் இது பொருத்தப்பட்டபோது, சக்தி 1,750 குதிரைச் சக்தியிலிருந்து 2,500க்கு உயர்ந்தது.

இதற்கு முன்பே அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை மலைநாட்டு வாசகர்களுக்குச் சுவையானது. ஆகாய விமானங்கள் உயரே செல்லச் செல்லக் காற்று மெலிவதால் அவற்றின் எஞ்சின்கள் சோர்ந்துபோயின. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ஸான்போர்ட் மாஸ் 1918இல் லிபர்ட்டி என்னும் விமான எஞ்சின் ஒன்றை லாரியில் ஏற்றி, ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்குக் கொண்டு சென்றார். சமவெளியில் 350 குதிரைச் சக்தி தந்த அந்த எஞ்சின் சிகரத்தில் 230 மட்டுமே தந்தது. டர்போசார்ஜரை இணைத்ததும் 356ஐ எட்டியது. மலை பறித்துக்கொண்டதை இக்கருவி மீட்டுத் தந்தது எனலாம்.

திருமலை ஏற ஒரு கணக்கு

அவ்வாறாயின் திருமலை ஏறும் வண்டிக்கும் இது வேண்டுமல்லவா? கணக்கைப் பார்ப்போம். திருமலை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைக் காட்டிலும் பத்தில் ஒரு பங்கு குறைவு. எனவே எஞ்சினின் சக்தியும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே குறையும். லடாக்கில் 5,798 மீட்டர் உயரத்தில் உம்லிங் லா வழியாக எல்லைச் சாலை அமைப்பு போட்ட சாலையில் கதை வேறு. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் பாதிதான்.

சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் 1955 முதல் புல்லட் மோட்டார் சைக்கிள்கள் உருவாயின. பழைய புல்லட்டின் எஞ்சின் 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 18 குதிரைச் சக்தியும் உடையது. வண்டி, ஓட்டுபவர், பின்னிருப்பவர், சுமை யாவும் சேர்ந்து 320 கிலோகிராம் என்று கொள்வோம். சாலை 15 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்கிறது என்று கடுமையாகவே வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இச்சரிவில் ஏற, புவியீர்ப்பை எதிர்ப்பதற்கு மட்டும் சுமார் இரண்டரைக் குதிரைச் சக்தி வேண்டும். டயரின் உராய்வு, எதிர்காற்று இவற்றையும் கூட்டினால் மூன்றரையைத் தாண்டாது. பதினெட்டில் பத்தில் ஒரு பங்கு போனாலும் பதினாறு மிஞ்சுகிறது! வளைவில் எஞ்சின் திணறுகிறது என்றால், பெரும்பாலும் கியரைக் குறைக்காமல் ஓட்டியதே காரணம். அல்லது தேய்ந்த பிஸ்டன் வளையம், அடைபட்ட காற்று வடிகட்டி, வழுக்கும் கிளட்ச் இவற்றுள் ஒன்று. இவற்றைச் சரி செய்ய ஆகும் செலவு டர்போசார்ஜர் விலையின் அருகிற்கூட வராது.

இந்தக் கணக்கை ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம். எடை, சரிவு, வேகம் ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிப் போடும்போது, சக்தி என்னும் சொல் பாடநூலிலிருந்து சாலைக்கு இறங்கி வரும்.

ஜப்பானியர் செய்து பார்த்தது

மோட்டார் சைக்கிளில் டர்போசார்ஜர் வைத்ததே இல்லையா என்றால், வைத்திருக்கிறார்கள், கைதேர்ந்தவர்களே வைத்தார்கள். ஹோண்டா கம்பெனி 1982ஆம் ஆண்டு சி.எக்ஸ். 500 டர்போ என்ற வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு சிலிண்டர்களும் 497 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய இதன் மூல எஞ்சின் சுமார் 50 குதிரைச் சக்தி தந்தது. டர்போசார்ஜருடன் அது 82 ஆயிற்று. யமஹா, சுஸுகி, கவாஸாகி ஆகிய மூன்று கம்பெனிகளும் நான்கு சிலிண்டர் வண்டிகளில் இதைப் பின்பற்றின. ஆனால் சில ஆண்டுகளுக்குள் நான்கு கம்பெனிகளும் இம்முயற்சியைக் கைவிட்டுவிட்டன. ஏன் என்பதற்குக் கவாஸாகியின் கணக்கேட்டிலேயே விடை இருக்கிறது. 738 கன சென்டிமீட்டர் எஞ்சினில் டர்போசார்ஜர் வைத்து அவர்கள் பெற்றது 112 குதிரைச் சக்தி. 1984இல் அதே கம்பெனி டர்போசார்ஜர் இல்லாமலே 908 கன சென்டிமீட்டர் எஞ்சினிலிருந்து 115 குதிரைச் சக்தியைப் பெற்றுவிட்டது. குழாய்களும், வெப்பமும், கூடுதல் எடையும் இல்லாமல் அதே பயன் கிட்டியது. ஓட்டுபவர் கைப்பிடியைத் திருகியபின் சக்கரம் வேகம் பிடிக்கும் வரை ஒரு தாமதமும், பிறகு எதிர்பாராத பாய்ச்சலும் டர்போ வண்டிகளில் இருந்தன. நான்கு சக்கர வாகனத்தில் இது வெறும் எரிச்சல். சாய்ந்து வளைவில் திரும்பும் இரு சக்கர வண்டியில் இது ஆபத்து. எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டு அருகிலேயே இருக்கிறது என்பது துணிச்சலுக்குக் காரணமாகிவிடக் கூடாது.

2024ஆம் ஆண்டு மிலான் நகரக் கண்காட்சியில் ஹோண்டா கம்பெனி மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒன்றைக் காட்டியது. அதில் அழுத்துச் சக்கரத்தைச் சுழற்றுவது புகையன்று, மின்சார மோட்டார். தாமதத்தை ஒழிப்பதற்கான வழி அது.

மூச்சு ஒத்துவராமை

மேலே சொன்ன வண்டிகள் யாவும் இரண்டோ அதற்கு மேலோ சிலிண்டர்களைக் கொண்டவை என்பதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் மிகப் பெரும்பாலானவையோ ஒற்றைச் சிலிண்டர் உடையவை. இங்கேதான் மெய்யான இடர்ப்பாடு தோன்றுகிறது.

நான்கு வீச்சு எஞ்சின் காற்றை உறிஞ்சுதல், அழுத்துதல், எரிந்து உந்துதல், புகையை வெளியேற்றுதல் என நான்கு வேலைகளை முறையே செய்கிறது. நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடும்போது இந்நான்கும் ஒருமுறை முடிவதற்கு ஒரு விநாடியின் ஆயிரத்தில் 30 பங்கு காலம் ஆகிறது. ஒவ்வொரு வேலைக்கும் கிடைப்பது ஆயிரத்தில் ஏழரைப் பங்கு. புகை வால்வு திறக்கும்போது வாயு வெடித்துப் பாய்ந்து டர்பைனைத் தள்ளுகிறது. அந்நேரத்தில் அழுத்துச் சக்கரம் காற்றைத் தள்ளத் தயாராக இருக்கிறது. ஆனால் உறிஞ்சு வால்வு மூடியிருக்கிறது! உறிஞ்சு வால்வு திறந்து எஞ்சின் காற்றுக்கு ஏங்கும் வேளையில், டர்பைனைத் தள்ளப் புகை வருவதில்லை. ஒருவர் மூச்சை வெளியிடும் கணத்தில் அவர் வாயில் காற்றை ஊதினால் எப்படியோ, அப்படியே இதுவும்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் இக்குறை இல்லை. ஒரு சிலிண்டர் புகையை வெளியேற்றும்போது வேறொன்று காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. ஆகவே புகையும் காற்றும் ஏறக்குறைய இடையறாது ஓடுகின்றன. ஒற்றைச் சிலிண்டரில் காற்று நான்கில் மூன்று பங்கு நேரம் செல்ல வழியின்றி நிற்கிறது. அவ்வாறு நின்ற காற்று அழுத்துச் சக்கரத்தின் மேலேயே திரும்பிப் பாயும். சக்கரம் அதிர்ந்து உறுமும். தாங்கிகள் விரைவில் கெடும். கடையிலிருந்து வாங்கிய டர்போசார்ஜரை ஒரு முழக் குழாயால் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினுடன் இணைப்பவர்கள், சீழ்க்கை ஒலி கேட்கிறதே என்று மகிழ்கிறார்கள். ஒலி கேட்பது உண்மை, சக்தி வருவதில்லை.

இதற்குத் தீர்வு நம் பஜனை மடங்களிலேயே இருக்கிறது. ஆர்மோனியப் பெட்டியை வாசிப்பவர் பின்பலகையை விட்டுவிட்டுத்தான் அசைக்கிறார். ஆனால் நாதம் அறாமல் ஒலிக்கிறது. காரணம், அவர் இறைக்கும் காற்று நேரே நாக்குகளுக்குப் போவதில்லை. உள்ளே இருக்கும் மற்றொரு துருத்தியில் முதலில் சேர்ந்து, அங்கிருந்து ஒரே சீராக வெளியேறுகிறது. அதுபோல, அழுத்துச் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒரு காற்றுக் கலத்தை வைத்தால், வால்வு மூடியிருக்கும் நேரத்தில் தள்ளப்படும் காற்று அதில் சேமிக்கப்படும். வால்வு திறந்ததும் சிலிண்டருக்குள் பாயும்.

கலம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? பாயில் விதியைக் கொண்டு ஓரளவு மதிப்பிடலாம். கலமும் சிலிண்டரும் ஒரே கொள்ளளவாக இருந்து, ஒருமுறை உறிஞ்சும் நேரத்துக்குள் புதுக்காற்று வரவில்லை என்றால், அழுத்தம் பாதியாக இறங்கிவிடும். கலம் ஐந்து மடங்கு என்றால் இறக்கம் ஆறில் ஒரு பங்கே. ஆக, கலம் எஞ்சினைப்போல் பல மடங்கு இருத்தல் வேண்டும். 346 கன சென்டிமீட்டர் எஞ்சினுக்கு ஐந்து மடங்கு என்பது சுமார் ஒன்றேமுக்கால் லிட்டர். இதை வண்டியில் எங்கே வைப்பது என்பது ஒரு கேள்வி. கலம் பெரிதாகுந்தோறும் அது நிரம்ப நேரமாகும் என்பது மற்றொன்று. மூன்றாவது கேள்வியே முக்கியமானது. காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் கதவு, கலத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். அதைக் கலத்துக்கு முன்னால் வைத்துவிட்டால், ஓட்டுபவர் கைப்பிடியை விட்ட பின்னும் கலத்தில் உள்ள காற்றை உண்டுகொண்டு எஞ்சின் சற்று நேரம் இழுத்துச் செல்லும். கொண்டை ஊசி வளைவில் அந்தச் சற்று நேரம் போதும்.

வெப்பமும் இடிப்பும்

சைக்கிள் பம்பின் அடிப்பாகம் காற்றடிக்கும்போது சுடுவதை அறியாதார் இல்லை. டர்போசார்ஜரிலும் அதுவே நிகழ்கிறது. கோடையில் 40 டிகிரியில் உள்ள காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு உயர்த்தினால், சிறிய அழுத்துச் சக்கரங்களின் இழப்பையும் சேர்த்து, அது 100 டிகிரியை ஒட்டிய உஷ்ணத்தில் வெளிவரும். சூடான காற்று விரியுமாதலால், அழுத்தம் நூற்றுக்கு 50 கூடியும் அடர்த்தி 26 அளவே கூடுகிறது. அதே காற்றை ஒரு குளிர்விப்பான் வழியாகச் செலுத்தி 60 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அடர்த்தி 41 வரை கூடும். லாரிகளின் முகப்பில் நீர்க் குளிர்விப்பானுக்கு முன்னால் காணப்படும் மற்றொரு தட்டைப் பெட்டி இதற்காகவே வைக்கப்பட்டுள்ளது.

வெப்பத்தால் வரும் பெரிய கேடு வேறு. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி ஓரிடத்தில் தோன்றி, அனல் வரிசையாகப் பரவி, கலவை முழுவதையும் எரிக்க வேண்டும். அழுத்தமும் உஷ்ணமும் மிகுந்தால், அனல் வந்து சேர்வதற்கு முன்பே மூலையில் உள்ள கலவை தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். உலோகத்தைச் சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி அப்போது எழும். இதை மெக்கானிக்குகள் நாக்கிங் என்பர். சில நிமிடங்கள் தொடர்ந்தால் பிஸ்டனின் தலை உருகித் துளைபடும். ஹோண்டா கம்பெனி 500 எஞ்சினில் அழுத்த விகிதத்தைப் பத்திலிருந்து 7.2ஆகக் குறைத்த பிறகே டர்போசார்ஜரை வைத்தது. தீப்பொறியின் நேரத்தையும் பின்தள்ள வேண்டியிருந்தது. காற்றால் குளிரும் எஞ்சினில் இவ்வபாயம் மேலும் அதிகம். நகருக்குள் நெரிசலில் நிற்கும் புல்லட்டின் தலையைத் தொட்டவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காற்று கூடும்போது பெட்ரோலும் கூட வேண்டும். பழைய கார்புரேட்டரில் அழுத்தக் காற்றை ஊதினால், மிதவை அறையிலும் அதே அழுத்தம் இருந்தாலன்றிப் பெட்ரோல் மேலே எழாது; தொட்டியிலிருந்து தானே இறங்கும் பெட்ரோலும் உள்ளே புகாது. அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள ஒரு பம்பு வேண்டும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை ஆறு விதிகளுக்குப் பின் செய்யப்பட்ட வண்டிகளில் பெட்ரோலை அளந்து பீச்சுவது மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி. அதற்குத் தகவல் தரும் அழுத்த உணரி, வெளிக்காற்றின் அழுத்தத்தை ஒட்டிய எல்லை வரை அளப்பதற்கென்றே அமைந்தது. அதற்கு மேல் எவ்வளவு காற்று வந்தாலும் பெட்டிக்குத் தெரியாது. பெட்ரோல் குறைந்த கலவை மேலும் சூடாக எரியும். பிஸ்டன் மீண்டும் துளைபடும்.

எண்ணெயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். டர்போசார்ஜரின் அச்சு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தே சுழல்கிறது. ஒருபுறம் செந்தழலாகக் காயும் டர்பைன், மறுபுறம் காற்று, நடுவில் இந்த மெல்லிய படலம். எஞ்சினை நிறுத்தியவுடன் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடுவதால், கடும் ஓட்டத்துக்குப் பின் ஓரிரு நிமிடங்கள் மெதுவாக ஓடவிட்டே நிறுத்த வேண்டும். அழுத்தம் எல்லை மீறாமல் புகையின் ஒரு பகுதியை டர்பைனுக்குச் செல்லவிடாமல் வேறு வழியில் திருப்பிவிடும் கதவும் இன்றியமையாதது.

சட்டமும் இவ்விஷயத்தில் தெளிவாக உள்ளது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பும் இதை உறுதிப்படுத்தியது. இவ்வாறு மாற்றிய வண்டி விபத்துக்குள்ளானால் காப்பீட்டுத் தொகை கிடைப்பதும் சந்தேகமே. ஆகவே ஆர்வமுள்ள மாணவர்கள் பொறியியல் கல்லூரியிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ, தரையில் நிலையாகப் பொருத்திய எஞ்சினில், ஆசிரியர் மேற்பார்வையில் இச்சோதனையைச் செய்யலாம். சாலை அதற்கு இடமன்று.

கிணற்றடி எஞ்சினுக்கு உரிய பயன்

இதுவரை கூறியவை தடைகளாகவே தோன்றலாம். ஆனால் ஒற்றைச் சிலிண்டருக்கு டர்போசார்ஜர் முற்றும் பொருந்தாதது அன்று. அதன் தக்க இடம் மோட்டார் சைக்கிளைவிட வயல்வெளியாக இருக்கக்கூடும் என்பதே எம் கருத்து.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஏமஸ் வின்டர் என்பவரின் ஆய்வுக் குழுவினர் கடந்த பத்தாண்டில் இதே சிக்கலை ஆராய்ந்தனர். இந்தியா போன்ற நாடுகளில் சிறு டிராக்டர்களையும் நீரிறைக்கும் பம்புகளையும் மின்னாக்கிகளையும் இயக்கும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்களே அவர்கள் மனத்தில் இருந்தவை. மேலே விவரித்த காற்றுக் கலத்தையே அவர்கள் பயன்படுத்தினர். சோதனையில் சக்தி நூற்றுக்கு 29 கூடியது. 40 முதல் 60 வரை கூட இடமுண்டு என்று அவர்களது கணக்கு காட்டியது. கலத்தின் அளவை மாற்றி மாற்றிச் செய்த பிற்காலச் சோதனைகளில், எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அடர்த்தி 37 முதல் 60 சதவீதம் வரை உயர்ந்தது.

டீசல் எஞ்சினுக்கு இது ஏன் எளிதாகப் பொருந்துகிறது என்பதை ஆசிரியர்கள் மாணவரிடமே கேட்கலாம். டீசலில் காற்று மட்டுமே அழுத்தப்படுகிறது. எண்ணெய் கடைசியில்தான் பீச்சப்படுகிறது. ஆதலால் முன்கூட்டியே தீப்பற்ற அங்கு ஒன்றுமில்லை. பம்பு எஞ்சின் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில், ஒரே சுமையில் ஓடுகிறது. தாமதம் என்ற பேச்சே எழாது. ஒன்றேமுக்கால் லிட்டர் கலம் கிணற்றடியில் யாருக்கும் இடைஞ்சலில்லை. கரும்பாலைக்கும் ஆழ்கிணற்றுக்கும் பெரிய எஞ்சின் வாங்க வேண்டியவர்க்கு, சிறிய எஞ்சினே போதும் என்ற நிலை வந்தால் விலையிலும் டீசலிலும் மிச்சமுண்டு. 1980களிலும் 1990களிலும் என்ஃபீல்டு கம்பெனி 325 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின் வைத்த மோட்டார் சைக்கிளை விற்றது. அதன் சக்தி வெறும் ஆறரைக் குதிரை. டர்போசார்ஜரால் பயன்பெறத் தக்க மோட்டார் சைக்கிள் ஒன்று நம் நாட்டில் இருந்தது என்றால், அது அதுவாகத்தான் இருக்கும்; அந்த வண்டி இன்று உற்பத்தியில் இல்லை.

ஆனால் இவ்வாய்வைப் படித்த கையோடு பழைய கார் ஒன்றின் டர்போசார்ஜரை விவசாயியின் எஞ்சினில் ஒட்டவைக்க எவரும் ஊக்குவிக்கலாகாது. காற்றை மட்டும் கூட்டினால் புகை குறையுமேயன்றிச் சக்தி அதிகம் கூடாது. சக்தி கூட வேண்டுமானால் டீசலையும் கூட்ட வேண்டும். அப்போது பிஸ்டன் கம்பியும் தாங்கிகளும் தாம் அறியாத சுமையை ஏற்க நேரிடும். அவை அதைத் தாங்குமா என்பதை உற்பத்தியாளரே சொல்ல முடியும்.

இன்னொரு அபாயத்தைக் களப்பணியாளர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். டர்போசார்ஜரின் அச்சு தேய்ந்து எண்ணெய் கசிந்தால், அது காற்றோடு சேர்ந்து டீசல் எஞ்சினுக்குள் போகும். எஞ்சின் அந்த எண்ணெயையே எரிபொருளாகக் கொண்டு கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். டீசல் குழாயை மூடினாலும் அது நிற்காது. வேகம் ஏற ஏற இன்னும் எண்ணெயை இழுத்து, முடிவில் சிதறிப்போகும். நிறுத்த ஒரே வழி காற்றை அடைப்பது. உறிஞ்சு குழாயின் வாயில் தடித்த பலகை ஒன்றை அழுத்தி மூட வேண்டும். கையாலோ துணியாலோ மூடலாகாது. இழுப்பு அவ்வளவு வலியது. பழைய டிராக்டர்களிலும் இது நிகழ்வதுண்டு என்பதால், டர்போசார்ஜர் உள்ள எஞ்சின் வைத்திருப்பவர் அருகில் அத்தகைய பலகை ஒன்றைத் தயாராக வைத்திருக்கச் சொல்லலாம்.

பழைய டர்போசார்ஜரை விலைக்கு வாங்குபவர்க்கு உதவ விரும்பும் பணியாளர், கருவி முற்றும் ஆறிய பின் அச்சின் நுனியை இரு விரலால் பற்றிப் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் படலத்துக்கென விட்ட இடைவெளி காரணமாகப் பக்கவாட்டில் இலேசான ஆட்டம் இருப்பது இயற்கை. ஆனால் அப்படி ஆட்டும்போது சக்கரத்தின் இதழ் கூட்டில் உராயக் கூடாது. அச்சை முன்னும் பின்னும் இழுத்தால் விரலுக்குத் தெரியும்படி ஆட்டம் இருக்கவே கூடாது. காற்று வெளிவரும் வாயில் ஈரமாக எண்ணெய் படிந்திருந்தாலோ, இதழ்களின் விளிம்பு கல் பட்டதுபோல் கொறிபட்டிருந்தாலோ, அக்கருவி மேற்சொன்ன விபத்துக்கு ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டது.